பதினாறு வயதுக்கு ஒரு ரோஸ் சீட்டு

தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

தேர்தல் வருகிற மாதத்தில் உங்கள் தொகுதியில் பள்ளிப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். வெயிலில் மனிதச் சங்கிலியாக நிற்பார்கள். நூறு சதவீத வாக்குப்பதிவு வேண்டும் என்று அட்டை பிடித்து ஊர்வலம் போவார்கள். தவறாமல் ஓட்டுப் போடுவோம் என்று அப்பா அம்மாவிடம் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வருவார்கள். வாக்குப்பதிவு அன்று அவர்களுடைய வகுப்பறைதான் பூத், அவர்களுடைய பெஞ்சில்தான் ஏஜென்டுகள் உட்காருவார்கள், அவர்களுடைய ஆசிரியர்தான் விரலில் மை வைப்பார். நானும் அப்படி மை வைத்தவன்தான். பணியில் இருந்தவரை சமூக அறிவியல் நடத்தினேன். தேர்தலுக்குத் தேர்தல் வாக்குச்சாவடிக்குப் போனேன். ஜனநாயகத் திருவிழாவின் எடுபிடி வேலை முழுவதும் பிள்ளைகள் தலையில் விழுகிறது. சீட்டு மட்டும் அவர்கள் கைக்கு வருவதில்லை.

குழந்தைகளுக்கு ஓட்டு வேண்டும் என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் எல்லாத் தேர்தலிலும் வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. நான் கேட்பது இவ்வளவுதான்: பதினாறு வயது நிறைந்தவர்கள் கிராம ஊராட்சித் தேர்தலில் இரண்டு ஓட்டுப் போட வழி செய்யுங்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு ரோஸ் சீட்டு. ஒன்றியக் கவுன்சிலருக்கான பச்சையும் மாவட்டக் கவுன்சிலருக்கான மஞ்சளும் இப்போதைக்கு வேண்டாம். அந்த இரண்டிலும் கட்சிச் சின்னம் உண்டு. வெள்ளையிலும் ரோஸிலும் கிடையாது. பள்ளிக்கூட வாசலில் கட்சிக்கொடி நுழைந்துவிடும் என்ற பயம் உங்களுக்கு இருக்குமானால், சின்னம் இல்லாத தேர்தலிலிருந்து தொடங்கலாமே. பேரூராட்சிப் பிள்ளைகளும் நகராட்சிப் பிள்ளைகளும் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், என்னிடம் நல்ல பதில் இல்லை. அங்கே வார்டுத் தேர்தலே கட்சித் தேர்தல். அதை அடுத்த சுற்றுக்கு விட்டுவைக்கிறேன்.

டெல்லியைக் கேட்காமல் இதை எப்படிச் செய்வது என்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்கும். வயதுவந்தோர் வாக்குரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் 326ஆவது பிரிவு மக்களவைக்கும் மாநிலச் சட்டப்பேரவைகளுக்கும் நடக்கும் தேர்தல்களைப் பற்றியது. ஊராட்சித் தேர்தல் 73ஆவது திருத்தத்தோடு வந்த ஒன்பதாம் பாகத்தில் இருக்கிறது. அங்கே போட்டியிடுபவருக்கு 21 வயது போதும் என்று எழுதியிருக்கிறார்கள். வாக்களிப்பவருக்கு வயது எழுதவில்லை. ஊராட்சித் தேர்தல் தொடர்பான எல்லாவற்றுக்கும் சட்டம் இயற்றும் அதிகாரத்தை 243கே பிரிவு மாநிலச் சட்டமன்றத்துக்குத் தருகிறது. நம்முடைய 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி சட்டமன்ற வாக்காளர் பட்டியலைத்தான் ஊராட்சிக்கும் எடுத்துக்கொள்கிறோம். பதினெட்டு வயது இங்கே வந்து உட்கார்ந்தது அந்த வழியாகத்தான். இது என் வாசிப்பு. வழக்கறிஞர்கள் மோதலாம், உயர்நீதிமன்றத்தில் வழக்கும் வரலாம். வரட்டும். வழக்கு வரும் என்பதற்காக நீங்கள் சட்டம் போடாமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

முன்மாதிரியும் இருக்கிறது. வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18 ஆக்கிய அரசியலமைப்புத் திருத்தம் 1988 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. 1989 மார்ச் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த மசோதாவோடு வைத்த நோக்க விளக்கத்தில் ஒரு வரி உண்டு: சில மாநில அரசுகள் உள்ளாட்சித் தேர்தலுக்கு 18 வயதை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கின்றன என்று. ஊர்த் தேர்தலில் முதலில் இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் பிறகு நாட்டுத் தேர்தலில் இறக்கினார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை 1959இலேயே 18க்கு வந்துவிட்டது. நமக்கு இன்னும் முப்பது ஆண்டுகள் பிடித்தன.

பட்டியலில் பெயர் ஏறினால் இன்னொன்றும் கூடவே கிடைக்கிறது. இந்தக் கோரிக்கையில் எனக்குப் பிடித்த பகுதியே அதுதான். கிராம சபை என்றால் யார்? ஊரில் குடியிருக்கும் எல்லாரும் என்றுதான் பொதுவாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அரசியலமைப்பின் 243ஆவது பிரிவு, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பதிவானவர்களைக் கொண்ட அமைப்பு என்று சொல்கிறது. ஆகவே குடியரசு தினத்திலும் சுதந்திர தினத்திலும் மற்ற நாட்களிலுமாக ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில், கொடியேற்றத்துக்கு மிட்டாய் வாங்க வந்த பிள்ளை வேடிக்கை பார்க்கலாம், உறுப்பினர் ஆக முடியாது. பட்டியலைத் திருத்தினால் பதினாறு வயதுக்காரர் தேர்தல் நாளில் வாக்காளராகவும், தேர்தல் முடிந்த பிறகு ஐந்தாண்டும் எழுந்து நின்று கேள்வி கேட்கும் கிராம சபை உறுப்பினராகவும் ஆகிவிடுவார். இதற்குத் தனிச் சட்டம் தேவையில்லை.

கேட்பதற்கு அவர்களிடம் என்ன இருக்கிறது? தெருவிளக்கு எரியாத இடம் ஊரில் யாருக்கு முதலில் தெரியும்? ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து கடைசி டவுன் பஸ்ஸில் இறங்கி நடக்கும் பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறாத நாளில் குடத்தோடு அடுத்த தெருவுக்குப் போவது யார்? விளையாட்டுத் திடலில் எந்த மூலை யாருடைய வைக்கோல்போர் ஆயிற்று என்று தேதி சொல்லக்கூடியவர் யார்? ஊராட்சி பார்க்கிற வேலைகளில் பெரும்பகுதி காலால் நடந்து தெரிந்துகொள்ளும் வேலைகள். ஊரில் அதிகம் நடப்பவர்கள் பிள்ளைகள். பெரியவர்கள் வண்டியில் போகிறார்கள்.

இதை வேறு இடங்களில் கண்டுகொண்டிருக்கிறார்கள். கர்நாடகத்தில் கிராமப் பஞ்சாயத்துகள் குழந்தைகளுக்கென்று தனியாக 'மக்கள கிராம சபை' கூட்டுகின்றன. கன்னடத்தில் 'மக்களு' என்றால் குழந்தைகள். ராஜஸ்தானின் திலோனியாவில் பகலில் ஆடு மேய்த்துவிட்டு இரவுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் 1990களிலிருந்து தங்களுக்கென ஒரு நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுத்து, பள்ளி ஒழுங்காக நடக்கிறதா, விளக்கு எரிகிறதா, தண்ணீர் வருகிறதா என்று மேற்பார்வை பார்த்தார்கள். நம் ஊரிலும் குழந்தைகள் பாராளுமன்றம் என்ற பெயரில் தொண்டு நிறுவனங்கள் நடத்தியதுண்டு. நல்ல காரியங்கள்தான். ஆனால் இவை எல்லாமே பெரியவர்கள் மனசு வைத்தால் நடப்பவை. அதிகாரி மாறினால் நின்றுபோகும். ஓட்டு அப்படி நின்றுபோகாது. ஓட்டுள்ளவனின் வீட்டுத் திண்ணைக்கு வேட்பாளர் வந்துதான் ஆக வேண்டும்.

'பக்குவம் இல்லை' என்பது முதல் ஆட்சேபம். பக்குவத்தை நாம் எங்கே அளந்தோம்? பதினெட்டு முடிந்தவருக்குத் தேர்வா வைக்கிறோம்? வாக்காளருக்குப் பணம் போன கணக்கில் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் 2016இல் தேர்தலை நிறுத்தினார்கள், ஆர்.கே. நகரில் 2017இல், வேலூர் மக்களவைத் தொகுதியில் 2019இல். அத்தனையும் வயதுவந்தோர் வாக்குரிமை. கவர் வாங்கிய கை எதிலும் பதினாறு வயதுக் கை இல்லை. இதைச் சொல்லி யாரையும் மட்டம் தட்டவில்லை, உங்களில் யாருக்கும் குத்தவும் இல்லை. (கொஞ்சம் குத்தினால் குத்தட்டும்.) பக்குவத்தைக் காரணம் காட்டி நாம் எந்தப் பெரியவரிடமிருந்தும் ஓட்டைப் பறிப்பதில்லை, பறிக்கவும் கூடாது. பிள்ளைகளிடம் மட்டும் அந்தக் காரணம் செல்லுபடியாவது எப்படி?

சட்டம் வேறு இடங்களில் பதினாறை எப்படிப் பார்க்கிறது என்பதையும் யோசியுங்கள். 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி, பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குள் இருப்பவர் கொடிய குற்றம் செய்தால், இளஞ்சிறார் நீதி வாரியம் ஆராய்ந்து பார்த்து அவரைப் பெரியவரைப் போல விசாரணைக்கு அனுப்பலாம். குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு தாண்டியவரை ஆபத்தில்லாத வேலைக்குப் போக விடுகிறது. கூண்டில் ஏற்றும் அளவுக்கும் கூலிக்குப் போகும் அளவுக்கும் விவரம் தெரிந்தவர் என்கிறோம். வார்டு மெம்பர் யார் என்று சொல்லும் அளவுக்குத் தெரியாதவர் என்றும் சொல்கிறோம்.

அடுத்து, 'அப்பா சொல்கிறபடிதான் போடுவார்கள்' என்பது. இதைக் கேட்கும்போது எனக்குப் பழைய காலம் நினைவுக்கு வருகிறது. சென்னை மாகாணச் சட்டமன்றம் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது; இந்திய மாகாணங்களில் முதலாவது என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். சொத்துத் தகுதி இருந்ததால் அப்போது ஓட்டுக் கிடைத்த பெண்கள் கொஞ்சம் பேர்தான். பெண் ஓட்டு என்றால் வீட்டுக்காரருக்கு இரண்டாவது ஓட்டுத்தானே என்ற பேச்சு அதற்கப்புறமும் எத்தனையோ காலம் ஓடியது. இன்று பெண்கள் ஓட்டை நம்பி அறிக்கை எழுதாத கட்சி ஒன்றைக் காட்டுங்கள், பார்ப்போம். ஸ்காட்லாந்தில் 2014இல் விடுதலை வாக்கெடுப்புக்காக வயதைப் பதினாறுக்கு இறக்கினார்கள். அங்கே பதின்வயதினரிடம் ஆய்வு செய்தவர்கள், பெற்றோர் எண்ணத்துக்கு மாறாக எண்ணியவர்கள் நிறையப் பேர் என்று கண்டார்கள். தேர்தல் ஆணையத்துக்காக எடுத்த கணிப்பில் 16, 17 வயதினரில் 75 சதவீதம் பேர் வாக்களித்ததாகச் சொன்னார்கள். 18 முதல் 24 வரை உள்ளவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 54 சதவீதம். காரணம் புரிகிறது. பதினாறில் பிள்ளை வீட்டில் இருக்கிறது, பள்ளியில் இருக்கிறது, ஊரில் இருக்கிறது. பத்தொன்பதில் எங்கோ விடுதியில் இருக்கிறது. வயதை இறக்குவதைச் சந்தேகித்துவந்த ஸ்காட்லாந்து கன்சர்வேடிவ் தலைவர் ரூத் டேவிட்சன் அதற்கப்புறம் வெளிப்படையாகவே மனம் மாறினார். 2015இல் ஸ்காட்லாந்து சட்டமன்றம் ஒருமனதாக அந்த வயதை நிரந்தரமாக்கியது. ஆஸ்திரியா 2007இலேயே எல்லாத் தேர்தலுக்கும் பதினாறு என்று ஆக்கியது. பிரேசிலில் 1988 முதல், பதினாறிலும் பதினேழிலும் விரும்பினால் போடலாம், பதினெட்டில் கட்டாயம்.

இளசுகள் ஓட்டு நம் பக்கம் என்று மனக்கணக்குப் போடும் கட்சிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜெர்மனியில் 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பதினாறு வயதினர் முதல் தடவையாக வாக்களித்தார்கள். பசுமைக் கட்சிக்கு லாபம் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. இளைஞரிடையே பசுமைக் கட்சி சரிந்தது; வலதுசாரி ஏஎஃப்டி வளர்ந்தது. எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. அதற்காகக் கொடுத்த ஓட்டைத் திரும்ப வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. ஐம்பது வயதுக்காரர் ஓட்டும் எனக்குப் பல தடவை பிடித்ததில்லை.

நமக்கு இது புதிதும் இல்லை. 1965 மொழிப் போராட்டத்தில் தெருவுக்கு வந்த மாணவர்களில் எத்தனை பேருக்கு ஓட்டு இருந்தது? அப்போது வயது 21. அடுத்த இரண்டாம் ஆண்டு விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவர் மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன். அந்தத் தேர்தலில் ஊர் ஊராகப் பிரசாரத்துக்குப் போன பையன்களில் பலர் ஓட்டுப் போட முடியாதவர்கள். ஓட்டில்லாதவர்கள் இந்த மாநிலத்தின் ஆட்சியை மாற்றத் தோள் கொடுத்திருக்கிறார்கள். உங்களில் திராவிடக் கட்சிகளைச் சேர்ந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளில் அந்தப் பையன்களின் பங்கும் இருக்கிறது.

எனக்கே தயக்கம் தருகிற ஆட்சேபம் சாதி. நாங்குநேரியில் 2023இல் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வெட்டியதற்குப் பிறகு நீதிபதி சந்துருவை ஒருநபர் குழுவாக அரசு அமைத்தது. 2024இல் அறிக்கை வந்தது. மணிக்கட்டில் சாதி அடையாளமாகக் கட்டும் வண்ணக் கயிறு முதற்கொண்டு எழுதியிருந்தார். பள்ளிக்குள்ளேயே அந்தக் கயிறு இருக்கும்போது, ஊராட்சித் தேர்தல் என்கிற ஊர்ச் சண்டைக்குள் பிள்ளைகளை இழுத்துவிட வேண்டுமா என்று நல்ல மனிதர்களே கேட்கிறார்கள். ஆசிரியர் அறையில் இதை வெகுநேரம் பேசியிருக்கிறோம். நான் வந்து நிற்கிற இடம் இது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தேர்தலை நடக்கவிடாமல் செய்தது பள்ளிப் பிள்ளைகள் இல்லை. மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனை 1997இல் கொன்ற பகையை வளர்த்ததும் அவர்கள் இல்லை. கயிறு பிள்ளையின் கைக்கு வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் வருகிறது. அந்தத் தெரு பார்க்க முடியாத ஓர் இடம் உண்டென்றால் அது அட்டைத் தடுப்புக்குப் பின்னால் முத்திரை குத்துகிற அந்த அரை நிமிடம். தன் சாதிக்காரரை விட்டுவிட்டு, தண்ணீர் கொண்டுவந்தவருக்கு ஒரு பெண் அங்கே குத்தலாம். குத்தாமலும் போகலாம். சின்ன வார்டுகளில் யார் யாருக்குப் போட்டார்கள் என்று ஊரே கணக்குப் பார்க்கும் என்பதும் எனக்குத் தெரியும். இந்தப் பயம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் பிள்ளைகளை விலக்கி வைத்ததால் அவர்கள் சாதியிலிருந்து தப்பினார்கள் என்பதற்கு ஓர் ஊரைக்கூட என்னால் காட்ட முடியவில்லை.

'ஓட்டு இல்லாமலே நாங்கள் பிள்ளைகளுக்கு என்ன குறை வைத்தோம்?' என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்கு அந்த உரிமை உண்டு. 1956இல் மதிய உணவு, 1982இல் சத்துணவு, 1989இல் முட்டை, 2022இல் காலை உணவு. எந்த மாநிலமும் நம்மைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். இவை ஓட்டில்லாத வாய்களுக்குப் போன சோறு என்பதும் உண்மை, அந்த வாய்களின் அம்மாக்களுக்கு ஓட்டு இருந்தது என்பதும் உண்மை. சோறு போடுவது வேறு, கேட்டுச் செய்வது வேறு. பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு 2018இல் வந்தது. 2025இல் அது வேண்டாம் என்று முடிவாயிற்று. வைத்தபோதும் எடுத்தபோதும் எழுதுகிறவர்களைக் கேட்டது யார்? நீட் தேர்வைப் பேசாத தேர்தல் மேடை நம் மாநிலத்தில் இல்லை. அதை எழுதப்போகும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை அந்த மேடைக்கு எதிரே உட்கார்ந்தால், வேட்பாளர் கணக்கில் அது வெறும் தலை.

தலையாக எண்ணுவது மட்டும் ஒழுங்காக நடக்கிறது. தொகுதிகளை வகுக்கும்போது வாக்காளர்களை எண்ணுவதில்லை. மக்கள்தொகையைத்தான் எண்ணுகிறார்கள், தொட்டில் பிள்ளை உட்பட. மக்களவைத் தொகுதி மறுவரையறை வந்தால் தமிழ்நாட்டுக்கு இடம் குறையுமே என்று நீங்கள் எல்லாரும் கவலைப்படுகிறீர்கள். அந்தக் கவலையில் நானும் உங்களோடு இருக்கிறேன். அந்தக் கணக்கிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் ஒவ்வொருவருடைய இருக்கையிலும் ஓட்டில்லாதவர்களின் எடை இருக்கிறது.

சிலர் வேறொரு வழி சொல்கிறார்கள்: பிள்ளையின் ஓட்டைப் பெற்றோரே போடட்டும் என்று. மக்கள்தொகை அறிஞர் பால் டெமனி 1986இல் எழுதிய யோசனை அது. ஜெர்மன் நாடாளுமன்றத்தில் பிறப்பிலிருந்தே வாக்குரிமை என்ற தீர்மானம் 2003இலும் 2008இலும் வந்தது, நிறைவேறவில்லை. தயவுசெய்து இந்தப் பக்கம் போய்விடாதீர்கள். நம் வீடுகளில் அந்த ஓட்டு யார் கைக்குப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பதினாறுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஓட்டு வேண்டாம் என்பதே என் எண்ணம். ஆண்டுக்கு ஒரு கிராம சபையை அவர்களுக்காகக் கூட்டி, அவர்கள் சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றினால் போதும்.

ஏன் அவசரம், இரண்டு வருடம் பொறுத்தால் பதினெட்டு ஆகிவிடுமே என்பவர்கள் காலண்டரைப் பார்க்க வேண்டும். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அன்று பதினேழு வயதான ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருக்கு ஓட்டு இல்லை. அந்த மன்றங்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். 2025 முடியும்போது அவருக்கு இருபத்து மூன்று. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் ஓட்டுப் போடும் வயது வந்து வருடங்கள் ஆயின; பிறந்து வளர்ந்த ஊரின் தலைவருக்கு ஒரு முறைகூடப் போடவில்லை. அதற்குள் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பார், அல்லது கல்யாணமாகி வேறு ஊருக்குப் போயிருப்பார். அந்த ஊர்த் தண்ணீரைச் சுமந்ததற்கும் அந்த ஊர் இருட்டில் நடந்ததற்கும் அவருக்குக் கடைசிவரை சீட்டுக் கிடைக்காது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை, சமயத்தில் அதுவும் இல்லாமல், வருகிற தேர்தலில் பதினெட்டு என்ற கோடு பலருக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்று ஆகிவிடுகிறது. பெண்பிள்ளைகளில் பலருக்கு அது 'எப்போதும் இல்லை' என்று ஆகிவிடுகிறது. 2022 முதல் பதினேழு வயதிலேயே முன்கூட்டிப் பெயர் சேர்க்க மனு கொடுக்கலாம் என்று தேர்தல் ஆணையமே சொல்லிவிட்டது. அந்த மனுக்களோடு பதினாறு வயதுக்காரர்களுக்கு ஊராட்சிக்கென்று ஒரு துணைப் பட்டியல் தயாரிப்பது மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு மலையைப் புரட்டும் வேலை இல்லை.

அரசு கொண்டுவராவிட்டால் உங்களில் யாராவது ஒருவர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவாருங்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. தோற்றுப்போனாலும் சரி. யார் எழுந்து என்ன சொல்லி எதிர்த்தார்கள் என்பது அவைக் குறிப்பில் ஏறும். ஆதரிக்காதவர்கள் காரணத்தை விளக்கமாகப் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன். பிளஸ் ஒன் வகுப்புக்குப் போய் அதைப் படித்துக் காட்ட எனக்கு நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர்